எதிர்வாதியைத் தேடிப் போனவர்கள்

திருவானைக்காவல் சப்தரிஷி சாஸ்திரி இளவயதில் வங்காளத்துக்கு நடந்தே போனார் என்று அவருடைய பேரனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் வடக்கே நடந்தவர்கள் பெரும்பாலும் காசிக்குப் புண்ணியம் தேடிப் போனவர்கள். சாஸ்திரி போனது நவ்ய நியாயம் படிக்க. எதிராளி என்ன சொல்வான் என்று முன்கூட்டியே யோசித்து, அவன் கட்சியை அவனைவிட நன்றாகத் தன் வாயாலேயே எடுத்துச் சொல்லி, பிறகு அதை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பதுதான் அந்தப் படிப்பு. வாதம் பண்ணக் கற்றுக்கொள்வதற்காகக் காவிரிக் கரையிலிருந்து கங்கைச் சமவெளி வரை ஒரு மனிதர் கால் தேய நடந்திருக்கிறார்.

அந்தப் பண்டிதரின் மகள் பார்வதி அம்மாளுக்கு, 1888 நவம்பர் 7 அன்று, திருவானைக்காவல் தாய்வீட்டில் இரண்டாவது பிள்ளை பிறந்தது. வெங்கடராமன் என்று பெயர். பிற்காலத்து சி.வி.ராமன்.

ராமன் விளைவைக் கண்ட 1928 பிப்ரவரி 28, 1930 நோபல் பரிசு ஆகியவை பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது 1906. அந்த வருஷம்தான், யாரும் சொல்லிக் கொடுக்காமல், யாரும் கேட்காமல், பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஆய்வுக் கட்டுரை எழுதினான். இன்று ஸ்ரீரங்கத்திலோ உறையூரிலோ துவாக்குடியிலோ உட்கார்ந்துகொண்டு, 'எனக்குப் பல்கலைக்கழகம் இல்லை, வழிகாட்டி இல்லை, ஆனால் ஒரு விஷயத்தை ஆராய்ந்து எழுத வேண்டும்' என்று நினைக்கிறவர்களுக்கு நோபலைவிட அந்தக் கட்டுரைதான் உதவும்.

ராமன் அப்போது சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. மாணவர். கல்லூரியில் இருந்த சாதாரண ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்துக்கொண்டு முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். இயற்பியல் படித்த எல்லோரும் செய்த பரிசோதனைதான் அது. ஒளி முப்பட்டகத்தின் முகத்தில் மிகவும் சாய்வாக விழுந்து தெறிக்கும்போது, ஓரங்களில் வரிவரியாகப் பட்டைகள் தெரிந்தன. விளிம்பு விளைவுப் பட்டைகள். புத்தகப்படி அவை நடுவுக்கு இரு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ராமன் பார்த்தவை அப்படி இல்லை. ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி. வேறு யாராக இருந்தாலும் கருவியைத் துடைத்துவிட்டு, கோணத்தைக் குறித்துக்கொண்டு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ராமன் பட்டைகளை அளந்தார். ஏன் சமமாக இல்லை என்று கணக்குப் போட்டார். கணக்கும் அளவும் ஒத்துப்போயின. எழுதினார்.

எழுதியதைப் பேராசிரியர் ஜோன்ஸிடம் கொடுத்தார். மாதங்கள் ஓடின. பதிலே இல்லை. ஜோன்ஸை வில்லனாக்க வேண்டாம். கெட்டிக்காரப் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிட வேண்டும் என்று நினைத்தவர் அவர். வகுப்புக்கு வா என்று ராமனைக் கட்டாயப்படுத்தாமல் ஆய்வகத்தில் உலவவிட்டவரும் அவர்தான். ஆனால் அந்தக் கட்டுரையில் சரி, தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல அவரால் முடியவில்லை. கடைசியில் ராமன் தாமாகவே அதை லண்டனுக்குத் தபாலில் அனுப்பினார். 1798 முதல் வந்துகொண்டிருந்த 'ஃபிலாசஃபிக்கல் மேகஸின்' இதழ் 1906 நவம்பரில் அதை வெளியிட்டது. அந்த மாதம்தான் ராமனுக்குப் பதினெட்டு நிறைந்தது.

தாத்தா எதிர்வாதியைத் தேடி நடந்தார். பேரன் எதிர்வாதியைத் தேடித் தபாலில் அனுப்பினார். இரண்டையும் இப்படி முடிச்சுப் போடுவது என் ஆசை, ராமன் சொன்னதல்ல. ஆனால் அந்த ஆசைக்கு ஆதாரம் இருக்கிறது. ராமனின் அடுத்த கட்டுரைகள் ராலே பிரபுவின் கண்ணில் பட்டன. ஒலியியலிலும் ஒளியியலிலும் அன்றைக்கு உலகிலேயே பெரிய தலை. இருவருக்கும் கடிதப் போக்குவரத்து உண்டானது. ராலே தம் கடிதத்தில் 'பேராசிரியர் ராமன்' என்று விலாசமிட்டார். மீசை முளைக்கிற வயதுப் பையன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கட்டுரையில் வயது தெரியவில்லை, பட்டம் தெரியவில்லை, ஊர்கூட முக்கியமாகப் படவில்லை. அளவும் கணக்கும் மட்டும் தெரிந்தன.

கணக்கர் வேலையும் காலைப் பொழுதும்

பட்டம் வாங்கியதும் ராமன் எடுத்தது நிதித்துறை வேலை. 1907-இல் கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்கர். ஆராய்ச்சிக்குச் சம்பளம் தருகிற வேலை அன்றைய இந்தியாவில் அவருக்குக் கிடைத்திருக்காது. பவ்பஜார் தெரு 210-ஆம் எண்ணில், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கிய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை டிராமில் போகும்போது கண்ணில் பட்டது. உள்ளே கருவிகள் தூசி படிந்து கிடந்தன. அன்று தொடங்கி, இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றலாகிப் போன நாட்கள் நீங்கலாக, 1917 வரை, ஆபீசுக்கு முன்னால் விடியற்காலையிலும், ஆபீஸ் விட்டபின் இரவு வரையிலும் அங்கேதான் இருந்தார். பத்து வருஷம். பகுதிநேர ஆராய்ச்சியாளர் என்றால் இளக்காரமாகப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பத்து வருஷத்தைச் சொல்லலாம்.

இந்தக் கதையில் எனக்கு ராமனைவிடப் பிடித்தவர் அங்கே கதவைத் திறந்துவிட்ட ஆசுதோஷ் தே. பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்ல. ராமனுக்கு உதவியாளராகக் கூடவே இருந்து, கருவிகளைக் கையாண்டு, கடைசியில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் தம் பெயரில் தனியாகவே ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிர்வெண்ணை அளப்பதற்கான புதிய முறை ஒன்று. கருவியோடு பழகிப் பழகியே கேள்வியைக் கண்டுபிடித்த ஆள்.

கேள்வி எங்கே இருந்து வருகிறது என்பதுதான் தனியாக ஆராயத் தொடங்குகிறவர்களை முதலில் மிரட்டுகிற சங்கதி. பலரும் தலைப்பில் தொடங்குகிறார்கள். 'சோழர் கால நீர் மேலாண்மை', 'இளைஞர்களிடையே சமூக ஊடகத்தின் தாக்கம்' என்கிறார்கள். தலைப்பு பெரிதாக இருந்தால் ஆராய்ச்சியும் பெரிது என்று நினைப்பு. ராமன் 'ஒளி' என்று தலைப்பு வைக்கவில்லை. கையில் இருந்த கருவியில், கண்ணெதிரே, புத்தகத்தோடு ஒத்துப்போகாத ஒன்று தெரிந்தது. அதை மட்டும் பிடித்துக்கொண்டார். புத்தகம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருந்தால்தான் ஒத்துப்போகாதது கண்ணில் படும். அதனால்தான் எழுதுவதற்கு முன்னால் வாசிப்பு. 'இதை முன்னால் யார் சொன்னார்கள், எதுவரை சொன்னார்கள், எங்கே விட்டார்கள்' என்று கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். அப்படி ஐம்பது கட்டுரை படித்தால் ஐம்பத்தொன்றாவது கட்டுரையின் வடிவம் தானாக மண்டையில் இறங்கும்.

இப்படிக் கற்பது திருச்சிக்குப் புதிதும் இல்லை. உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1815-இல் பிறந்தவர், இந்த ஊரில் ஒழுங்கான பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தவர் இல்லை. யாரிடம் எந்த நூலின் பாடம் இருக்கிறதோ அவர்களைத் தேடித் தேடிப் போனார். தண்டியலங்காரம் ஒரு பரதேசியிடம்தான் இருந்தது என்று தெரிந்து, தெருவில் பிச்சை எடுக்கிற அந்த மனிதர் பின்னாலேயே திரிந்து, அவர் மனம் கோணாமல் நடந்து பாடம் கேட்டார். உ.வே.சா. இதை விரிவாக எழுதியிருக்கிறார். இன்றைக்கு ஒரு கட்டுரையின் பி.டி.எஃப். கிடைக்கவில்லை என்று சலித்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்தப் பரதேசி நினைவுக்கு வருவார்.

பவணந்தி சொன்ன குற்றங்கள்

ஆய்வுக் கட்டுரை என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வடிவம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வடிவம் வந்தது உண்மை. ஆனால் அதன் எலும்புக்கூடு நமக்குத் தெரியாததில்லை. பவணந்தி எழுதிய 13-ஆம் நூற்றாண்டு நன்னூல், ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதினால் எட்டு விஷயம் தெரிய வேண்டும் என்கிறது. எழுதியவர் யார், எந்த நூலின் வழியில் வந்தது, எங்கே செல்லுபடியாகும், பெயர் என்ன, எப்படிக் கோக்கப்பட்டது, எதைப் பற்றிப் பேசுகிறது, யாருக்காக, படித்தால் என்ன கிடைக்கும். இன்று எந்த இதழுக்குக் கட்டுரை அனுப்பினாலும் சுருக்கத்திலும் முன்னுரையிலும் இவற்றைத்தான் கேட்கிறார்கள்.

இன்னும் சுவாரசியமானது, நூலாசிரியன் எடுக்கக்கூடிய ஏழு நிலைப்பாடுகளை நன்னூல் அடுக்குவது. முன்னோர் சொன்னதை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், முதலில் ஒப்புக்கொண்டு பிறகு தள்ளலாம், புதிதாக ஒன்றைச் சொல்லி அதை நிலைநாட்டலாம், இரண்டு பேர் முரண்படும்போது ஒருவர் பக்கம் முடிவு சொல்லலாம், பிறர் நூலில் உள்ள பிழையைச் சுட்டலாம், யாரோடும் சேராமல் தன் வழியே நிற்கலாம். பழைய கட்டுரைகளை வரிசையாகச் சுருக்கி எழுதி, 'முன்னாய்வுகள்' என்று தலைப்புப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற ஆய்வேடுகளைப் படித்துப் படித்து எனக்குக் கண் பூத்திருக்கிறது. அந்த ஏழில் எதிலுமே அவை நிற்பதில்லை.

நூலுக்கு வரும் பத்துக் குற்றங்களையும் பவணந்தி சொல்லியிருக்கிறார். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதில் பிடித்தது 'சென்று தேய்ந்து இறுதல்'. ஆரவாரமாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, முடிவில் ஒன்றுமில்லாமல் போவது. நல்ல தரவு இருந்தும் பல கட்டுரைகள் செத்துப்போவது இந்த நோயில்தான்.

புகளூர்க் குன்றில் ஒரு அதிகாரி

ராமன் விஞ்ஞானி, அவரை வைத்து நமக்கு அளவுகோல் போடாதீர்கள் என்று யாராவது சொல்லலாம். நியாயம். ஐராவதம் மகாதேவனை எடுத்துக்கொள்வோம்.

1930-இல் திருச்சிக்கு அருகே மண்ணச்சநல்லூரில் பிறந்தவர். படித்தது அறிவியலும் சட்டமும். 1954-இல் ஐ.ஏ.எஸ். கல்வெட்டியலில் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. ஆனால் மலைக்குகைகளில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளுக்கு மேலே வெட்டியிருக்கும் பழைய எழுத்துகள் அவரை விடவில்லை. அந்த எழுத்துகளோடு 1880-களிலிருந்தே அறிஞர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அசோகர் கால பிராமி எழுத்து மாதிரி இருக்கிறது. அசோகர் விதிப்படி படித்தால் உளறலாக வருகிறது. 1924-இல் கே.வி.சுப்ரமணிய ஐயர் ஒரு மாநாட்டுக் கட்டுரையில், இதன் மொழி தமிழ்தான் என்று காட்டினார். ழ, ள, ற, ன போன்ற வடக்கே இல்லாத எழுத்துகளை அடையாளம் கண்டார். அதற்குப் பிறகு அந்த வழியில் பெரிதாக யாரும் மேலே போகவில்லை.

மகாதேவன் சுப்ரமணிய ஐயர் விட்ட இடத்தில் பிடித்தார். சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை ஒரு வரியில் சொல்லலாம். அசோக பிராமியில் புள்ளியோ கோடோ இல்லாத 'ம' என்றால் அகரம் ஏறிய 'ம'. தமிழ்நாட்டுக் குகைகளில் பழைய அடுக்கில் அதே வடிவம் வெறும் மெய் 'ம்'. பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டால் 'ம' என்றும் படிக்கலாம், 'மா' என்றும் படிக்கலாம். சொல்லைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இந்த விதியைப் பொருத்தியதும் உளறல் தமிழாகிவிட்டது.

கரூருக்குப் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டான் மலை அன்றைக்குத் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. அங்கே உள்ள கல்வெட்டில் மூன்று தலைமுறைச் சேர அரசர்களின் பெயர்களை அவர் படித்தார். கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. யாற்றூர் செங்காயபன் என்ற முனிவருக்கு இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது வெட்டிக் கொடுத்த குகை. பதிற்றுப்பத்து பாடுகிற சேரர்களோடு இந்தப் பெயர்கள் பொருந்தின. ஏட்டில் மட்டுமே வாழ்ந்த அரசர்களுக்குக் கல்லில் சாட்சி கிடைத்தது. 1966-இல் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளின் முழுத் தொகுப்பை வெளியிட்டார். ஃபைல் பார்க்கிற அதிகாரி, லீவு நாளில் மலை ஏறிச் செய்தது.

இங்கே நிறுத்தியிருந்தால் அது ஒரு வெற்றிக் கதை. அவர் நிறுத்தவில்லை. சிந்து எழுத்துக்கு அட்டவணை தயாரிக்கக் கணினியைப் பிடித்தார். 1977-இல் தொல்லியல் துறை வெளியிட்ட அந்த அட்டவணை, அவர் கருத்தோடு ஒத்துப்போகாதவர்களுக்கும் இன்றுவரை கைப்புத்தகம். தன் எதிர்வாதிகளுக்கும் சேர்த்தே கருவி செய்து கொடுப்பது என்றால் இதுதான். 1980-இல் விருப்ப ஓய்வு. நடுவில் நாலு வருஷம் தினமணி ஆசிரியர். அதற்குப் பிறகு, அறுபது வயதுக்கு மேல், தாம் முன்பு படித்த அதே குகைகளுக்குத் திரும்பப் போனார். பழைய படிகளை நம்பாமல், கல்லின் மேலேயே தாள் வைத்து எழுத்தெழுத்தாக வரைந்து எடுத்தார். 1966-இல் தாம் படித்ததில் எங்கெங்கே தவறினோம் என்று திருத்தினார். 'எர்லி தமிழ் எபிகிராஃபி' 2003-இல் க்ரியாவும் ஹார்வர்டும் சேர்ந்து வெளியிட்ட புத்தகமாக வந்தது. அதுவும் போதாதென்று 2014-இல் இன்னொரு திருத்திய பதிப்பு. அப்போது அவருக்கு எண்பத்து நாலு வயது. 2018-இல் காலமானார்.

நாற்பது வருஷத்துக்கு முந்தைய தன்னோடு தானே சண்டை போடுகிற எதிர்வாதி. ஆளில்லாத ஊரில் இதுவும் ஒரு வழி.

மலைக்கோட்டையில் ஒரு தகராறு

திருச்சியில் கண் மருத்துவர் இரா. கலைக்கோவன், தம் தந்தையும் வரலாற்றறிஞருமான மா. இராசமாணிக்கனார் பெயரில் 1982-இல் ஒரு வரலாற்றாய்வு மையத்தைத் தொடங்கினார். பகலில் நோயாளிகள், மற்ற நேரத்தில் கோயில்கள். மு. நளினியோடு சேர்ந்து எழுதிய 'மகேந்திரர் குடைவரைகள்' போன்ற நூல்களைப் புரட்டினால் முறை தெரியும். குடைவரையின் தூண் எத்தனை சென்டிமீட்டர், போதிகையில் என்ன வேலைப்பாடு, துவாரபாலகர் கை எங்கே இருக்கிறது என்று, படிக்கிறவர் பொறுமை இழக்கும் அளவுக்கு அளந்து வைத்திருப்பார்கள். அந்தச் சலிப்பூட்டும் பக்கங்கள்தான் அதன் பலம். நாளைக்கு ஒருவர் அதை மறுக்க வேண்டுமானால் டேப்பை எடுத்துக்கொண்டு போனால் போதும். 'வரலாறு' என்ற ஆய்விதழையும் இந்த மையம் நடத்துகிறது. தஞ்சைத் தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிடும் 'ஆவணம்' இதழும் இப்படித்தான். கிராமத்துப் பள்ளி ஆசிரியர் கண்டுபிடித்த நடுகல்லும் அதில் இடம்பெறும். நல்ல ஆய்வுக் கட்டுரையைத் தமிழில் எழுத முடியுமா என்று கேட்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒரு தடவை புரட்டலாம்.

மலைக்கோட்டையின் மேல் குடைவரை, மகேந்திரவர்மன் வெட்டியது, ஒரு நல்ல பாடசாலை. கங்காதரர் சிற்பத்தின் இரு பக்கத்துத் தூண்களிலும் வடமொழிச் செய்யுள்கள். 1890-இல் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் அவற்றைப் பதிப்பித்தார். ஏறத்தாழ எண்பது வருஷம் கழித்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த மைக்கேல் லாக்வுட், தம் நண்பர் விஷ்ணு பட்டோடு சேர்ந்து அதே வரிகளை வேறு மாதிரி வாசித்தார். கல்லில் நிற்பது சிவன் மட்டும் இல்லை, அரசனின் சொந்த உருவமும் அதற்குள் இருக்கிறது என்பது அவர் கட்சி. ஒப்புக்கொண்டவர்கள் உண்டு, ஒப்பாதவர்களும் உண்டு. லாக்வுட் வரலாற்றுத் துறைக்காரர் இல்லை என்பதை வைத்து யாரும் அவரைத் தள்ளவில்லை. செய்யுளின் சொற்களை வைத்துத்தான் வாதம் நடந்தது. மலைக்கோட்டைக்குப் போகிறவர்கள் உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கும் அவசரத்தில் இந்தத் தகராறைத் தாண்டி ஏறிவிடுகிறார்கள்.

கீழே இறங்கினால் பக்கத்திலேயே புனித வளனார் கல்லூரி. அங்கே ராபினாட் ஹெர்பேரியம் என்று ஒரு தாவரக் காப்பகம் இருக்கிறது. 1967-இல் தொடங்கியவர் அருட்தந்தை கே.எம்.மாத்யூ. அவருடைய குழு காடுமேடெல்லாம் அலைந்து சேர்த்த செடிகள் அங்கே காய்ந்த தாள்களாக அடுக்கியிருக்கின்றன. எழுபதுகளில் அலைந்த அலைச்சலின் பலன் 1981 தொடங்கி வெளிவந்த 'தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளித் தாவரங்கள்' தொகுதிகள். ஒரு செடி இன்ன இடத்தில் வளர்கிறது என்று நூலில் ஒரு வரி இருந்தால், அதற்குப் பின்னால் எண் போட்ட ஒரு தாள், பறித்த நாள், பறித்தவர் பெயர், இடம் எல்லாம் இருக்கும். நம்பாதவர் போய்த் தாளை எடுத்துப் பார்க்கலாம். அடிக்குறிப்பு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தத் தாள்களைப் பார்த்த பிறகுதான்.

மூன்றே நாளில் பிரசுரம்

இப்போது ஒரு கசப்பான சங்கதி. சில வருஷங்களுக்கு முன் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தங்கள் மேலான கட்டுரையைப் படித்து வியந்தோம், எங்கள் சர்வதேச இதழுக்கு ஒன்று அனுப்புங்கள், மூன்று நாளில் வெளியிடுவோம், கட்டணம் இவ்வளவு. அவர்கள் வியந்த கட்டுரை, பொங்கலுக்கு நான் எழுதிய கரும்பு விலை பற்றிய துணுக்கு. சிரித்துவிட்டு அழித்துவிட்டேன். ஆனால் அதே மின்னஞ்சலுக்குப் பணம் கட்டியவர்களையும் எனக்குத் தெரியும்.

அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2016 விதிகளின்படி, முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்குமுன் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் வந்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு கட்டாயம் வைத்தது. கட்டாயம் வந்ததும் கடை வந்தது. போலி இதழ்களைக் களைய 2018-இல் 'கேர்' பட்டியல் என்று ஒன்றை அறிவித்தார்கள். 2022-இல் பிரசுரக் கட்டாயத்தை எடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையே கைவிட்டு, இதழின் தரத்தைப் பார்ப்பதை அந்தந்த நிறுவனங்களிடமே விட்டுவிட்டார்கள். கடைகள் இன்னும் திறந்தே இருக்கின்றன.

அந்தக் கடைகள் விற்பது என்ன? அச்சு வேண்டுமானால் முக்குக் கடை ஜெராக்ஸ்காரரே போட்டுத் தருவார். அவர்கள் விற்பது எதிர்வாதி இல்லாத நிம்மதி. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். சப்தரிஷி சாஸ்திரி எதற்காக 2,000 கிலோமீட்டர் நடந்தாரோ, அது இல்லாமல் இருப்பதற்குக் கட்டணம்.

ஒரு இதழ் நல்லதா என்று கண்டுபிடிக்கப் பட்டியல் தேவையில்லை. அதன் கடைசி இரண்டு இதழ்களில் உள்ள கட்டுரைகளை முழுக்கப் படித்துப் பாருங்கள். ஒன்றையாவது நீங்கள் மேற்கோள் காட்டுவீர்களா? ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கு எழுதி, தாங்கள் இந்த இதழில் இருப்பது தங்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்த சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு.

கதவுகளில் பாதி திறந்திருக்கிறது, பாதி மூடியிருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் 'சோத்கங்கா'வில் யாருக்கும் இலவசம். பழைய கல்வெட்டுத் தொகுதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. தமிழிணையம் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் குவிந்திருக்கின்றன. ஆனால் 2025 ஜனவரி முதல் மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாயில் மத்திய அரசு தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் வரும் சுமார் 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான். ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு ஆராயும் ஆசை வந்தால் அவருக்கு அதில் இடமில்லை. அவர் செய்யக்கூடியது, கட்டுரை எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் போடுவது. பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள். தன் கட்டுரையை ஒருவர் கேட்டு வாங்கிப் படிக்கிறார் என்பது அவர்களுக்கும் அடிக்கடி நடப்பதில்லை.

செயற்கை அறிவு பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். கேட்டால் பதில் சொல்லும், ஆங்கிலத்தைச் செப்பனிடும், நல்லது. ஆனால் இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், வருஷம், பக்க எண் எல்லாம் வைத்து நீட்டவும் செய்யும். அதைவிடப் பெரிய ஆபத்து, நீங்கள் எதைச் சொன்னாலும் 'அருமையான கருத்து' என்று தொடங்குவது. ஆமாம்சாமியை வைத்துக்கொண்டு வாதம் கற்க முடியாது. உறவுக்காரர்களிடம் படிக்கக் கொடுப்பதிலும் இதே கோளாறு உண்டு. நம்மைப் பிடிக்காத, ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால், வெற்றிலைபாக்கு வைத்தாவது அவரிடம் கொடுக்க வேண்டும்.

நடந்து போகும் தூரத்தில்

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் தன்வந்திரி சந்நிதி இருக்கிறது. பலர் கும்பிட்டுவிட்டு, கிடைக்கிற மூலிகைத் தீர்த்தத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். கோயிலில் ஒரு ஆரோக்கியசாலை, அதாவது மருத்துவமனை, இருந்தது. ஹொய்சளர் காலத்தில், 13-ஆம் நூற்றாண்டில், அது ஏற்பட்டது. பிறகு நடந்த படையெடுப்பில் பாழானது. சக ஆண்டு 1415, அதாவது 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கருடவாகன பட்டர் என்பவர் அதைப் புதுப்பித்துத் தன்வந்திரியையும் நிறுவியதைச் சொல்கிறது. பழைய ஆரோக்கியசாலையும் ஒரு கருடவாகன பண்டிதர் பொறுப்பில்தான் இருந்தது. அது அந்த வைத்தியக் குடும்பத்தின் வழிவழிப் பட்டம்.

சிக்கல் இங்கே தொடங்குகிறது. ஆழ்வார்களின் வரலாற்றைச் சொல்லும் 'திவ்யசூரி சரிதம்' என்ற வடமொழிக் காவியத்தை எழுதியவர் பெயரும் கருடவாகன பண்டிதர். அவர் ராமாநுஜர் காலத்தவர், 12-ஆம் நூற்றாண்டு என்பது சம்பிரதாயம். இல்லை, இந்த 1493 கல்வெட்டுக்காரரே காவியத்தை எழுதியவர் என்று ஒரு கட்சி. எது சரி என்பதைப் பொறுத்து, ஆழ்வார்கள் வாழ்க்கை பற்றி நம்மிடம் உள்ள பழைய நூல்களின் வரிசையே மாறும். எது எதைப் பார்த்து எழுதியது என்பதும் மாறும்.

கோயில் கல்வெட்டுகள் முழுவதும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24-ஆம் தொகுதியாக 1982-இல் அச்சில் வந்துவிட்டன. கோயிலின் பழைய நடப்புகளைச் சொல்லும் கோயிலொழுகை வி.என்.ஹரிராவ் 1961-இல் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். காவியம் அச்சில் இருக்கிறது. இரண்டு கட்சிக்காரர்களும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சப்தரிஷி சாஸ்திரியின் வீடு இருந்த திருவானைக்காவலிலிருந்து தன்வந்திரி சந்நிதிக்கு நடந்தே போய்விடலாம். வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பினால் நல்லது. நோட்டும் பென்சிலும் போதும்.